கடல் ஆமை என்ன சாப்பிடும்? அதுக்கு பில் கட்டறது யாரு?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. வீட்டுக்குள்ள வர்ற ஆமையைப் பத்தி இவ்வளவு யோசிச்சிருக்கோம். ஆனா கடலுக்குள்ள இருக்கிற ஆமை என்ன சாப்பிட்டு உயிர் வாழுதுன்னு கேட்டா, கடற்கரை ஊர்க்காரங்களைத் தவிர மத்த எல்லாரும் "மீன் சாப்பிடும்... பாசி சாப்பிடும்..."னு இழுப்போம்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆமையோட சாப்பாட்டுல என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. சர்வதேச வணிகம் படிச்சவங்களுக்கு 'இறால் - ஆமை வழக்கு' தெரிஞ்சிருக்கும். பத்து மார்க் கேள்வி. எந்த வருஷம், எந்தெந்த நாடு, தீர்ப்பு என்னன்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துடுவோம். ஆனா இறால் பிடிக்கிற வலையில ஆமை எதுக்கு வந்து மாட்டணும்? அந்தக் கேள்வியை எந்த வினாத்தாளும் கேட்கிறதில்லை. அதுக்குப் பதில் ஆமையோட வயித்துல இருக்கு. அதைத் தேடிப் படிச்சதுல கிடைச்சதைத்தான் இங்கே எழுதறேன். வழக்குக்குக் கடைசியில வர்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

ஏழு ஆமை, ஏழு மெனு

உலகத்துல கடல் ஆமை மொத்தம் 7 வகை. அதுல 5 வகை இந்தியக் கடல்ல உண்டு. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. மிச்சம் ரெண்டுல கெம்ப் ஆமை மெக்சிகோ வளைகுடா பக்கம் இருக்கு, நண்டுன்னா அதுக்கு உயிர். தட்டைமுதுகு ஆமை ஆஸ்திரேலியா பக்கம், கடல் அட்டையும் மென்பவளமும் சாப்பிடும்.

ஏழுக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு. ஒரு ஆமைக்கும் பல் கிடையாது. கிளி மாதிரி அலகுதான். அந்த அலகோட வடிவத்தைப் பார்த்தே அது என்ன சாப்பிடும்னு ஓரளவு சொல்லிடலாம்.

குஞ்சுக் காலத்துல எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடுதான். முட்டையை உடைச்சுக்கிட்டு வரும்போதே மஞ்சள் கருவோட மிச்சம் வயித்துக்குள்ள இருக்கும். முதல் சில நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. அதை வச்சுக்கிட்டு நிக்காம ஆழ்கடல் பக்கம் நீந்தும். அப்புறம் பல வருஷம் மிதக்கிற பாசிக்கூட்டத்துல ஒதுங்கிக்கிட்டு, அங்க கிடைக்கிற குட்டிக்குட்டி உயிர்கள், மீன் முட்டை, பாசின்னு எது கிடைச்சாலும் சாப்பிட்டு வளரும். ஆமை ஆராய்ச்சியில பெரிய பேரான ஆர்ச்சி கார் இந்தக் காலத்தைக் 'காணாமல் போன வருஷங்கள்'னு சொன்னார். கரையை விட்டுப் போன குஞ்சு எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாம இருந்ததால அந்தப் பேரு. வளர்ந்து வந்த பிறகுதான் ஆளாளுக்கு ஒரு மெனு.

தினமும் முன்னூறு கிலோ ஜெல்லி மீன்

ஏழுவரி ஆமைதான் இருக்கிறதுலயே பெரிசு. முதுகுல ஓடு மாதிரி கெட்டியா இருக்காது, தோல் மாதிரி இருக்கும், நீளவாக்குல ஏழு வரி ஓடும். 1988-இல் வேல்ஸ் கடற்கரையில ஒதுங்கின ஒண்ணு 900 கிலோவுக்கு மேல இருந்துச்சு. இவ்வளவு பெரிய உடம்பு எதைச் சாப்பிட்டு வளருதுன்னா, ஜெல்லி மீனை! கடற்கரையில சொறின்னு சொல்வாங்களே, அதுவேதான். அதுல நூத்துக்கு 95 பங்கு வெறும் தண்ணி.

தண்ணியைக் குடிச்சு உடம்பு வளர்க்கணும்னா என்ன பண்ணணும்? நிறைய சாப்பிடணும். கனடாவோட அட்லாண்டிக் கரையில ஆமை முதுகுல கேமரா பொருத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 2012-இல் வெளிவந்த கணக்குப்படி ஒரு ஆமை ஒரு நாளைக்குச் சராசரியா 330 கிலோ ஜெல்லி மீன் சாப்பிடுது. அதோட உடம்பு எடையில 73 சதவீதம். 60 கிலோ இருக்கிற நம்ம ஆளு ஒருத்தர் தினமும் 44 கிலோ சாப்பிடற மாதிரி. எந்த ஹாஸ்டல் மெஸ்ஸும் தாங்காது.

வழுக்கிக்கிட்டுப் போற ஜெல்லி மீனை எப்படி முழுங்கும்? ஏழுவரி ஆமையோட வாயைத் திறந்து பார்த்த படம் கிடைச்சா பாருங்க, ராத்திரி தூக்கம் வராது. தொண்டை முழுக்க உள்பக்கம் பார்த்து வளைஞ்ச முள்ளு முள்ளா இருக்கும். முழுங்கும்போது கூடவே போற கடல்தண்ணியை வெளியே தள்ளும்போது, இரை மட்டும் அந்த முள்ளுல மாட்டி உள்ளேயே நின்னுடும். ஜெல்லி மீனைத் தேடி ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழத்துக்கும் போயிருக்கு.

நம்ம நாட்டுல இது முட்டை போடறது அந்தமான் நிகோபார்ல. லிட்டில் அந்தமான்ல முட்டை போட்ட ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டப்போ, சிலது மேற்கு ஆஸ்திரேலியா பக்கமும் சிலது ஆப்பிரிக்கா பக்கமும் போயிடுச்சு. வீடு இங்கே, மெஸ் அங்கே!

கண்ணாடி தின்னும் ஆமை

அழுங்காமைக்கு அலகு பருந்து மூக்கு மாதிரி கூர்மையா, நீளமா இருக்கும். பவளப்பாறை இடுக்குல இருக்கிற கடற்பஞ்சைக் கொத்தி இழுக்க வசதி. கடற்பஞ்சு உடம்புல கண்ணாடித் தூள் மாதிரி சிலிக்கா ஊசிகள் இருக்கும், நிறைய வகையில விஷமும் இருக்கும். அதனால வேற மிருகங்கள் பெரும்பாலும் கிட்டேயே போகாது. ஆன் மெய்லன்கிற ஆராய்ச்சியாளர் கரீபியன் கடல்ல அழுங்காமை வயித்தைச் சோதிச்சு 1988-இல் 'சயன்ஸ்' இதழ்ல எழுதினாங்க. உள்ளே இருந்ததுல நூத்துக்கு 95 பங்குக்கு மேல கடற்பஞ்சுதான். இந்தியப் பெருங்கடல் பக்கம் பாசி, மத்த உயிர்கள்னு கொஞ்சம் கலந்தும் சாப்பிடும்.

அழுங்காமைக்கறி சாப்பிட்டு ஆட்கள் செத்துப்போன கதை நிறைய நாட்டுக் கடற்கரையில உண்டு. அது தின்ன ஏதோ ஒரு இரையோட விஷம் கறியில சேர்ந்துடுதுங்கிறதுதான் இதுக்குச் சொல்ற காரணம். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் மனுஷன் விடலை. கறி வேண்டாம்னு ஓட்டுக்காக, சீப்பும் பெட்டியும் செய்யறதுக்காகக் கொன்னு தீர்த்தான்.

பாறைக்கு இதனால என்ன லாபம்னா, கடற்பஞ்சும் பவளமும் இடத்துக்குச் சண்டை போடற பங்காளிங்க. அழுங்காமை பஞ்சைத் தின்னா பவளத்துக்கு இடம் கிடைக்குது.

நண்டு, சங்கு, இறால் பார்ட்டி

பெருந்தலை ஆமைக்குப் பேர்லயே விஷயம் இருக்கு. பெரிய தலை, அதுல பலமான தாடை. சங்கு, நண்டுன்னு ஓடுள்ள எதையும் நொறுக்கித் தின்னும்.

நம்ம கரைக்கு வர்ற பங்குனி ஆமைக்கு இது பிடிக்கும் அது பிடிக்காதுன்னு ரொம்பப் பிடிவாதம் இல்லை. நண்டு, இறால், சங்கு, ஜெல்லி மீன், மீன் முட்டை, பாசி எல்லாம் ஓகே. இரை தேடி 150 மீட்டருக்கு மேல ஆழத்துக்கும் போகும். அடித்தரையில நண்டும் இறாலும் எங்கே கிடைக்குதோ அங்கே மேயும். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க, வழக்குல தேவைப்படும்.

இவ்வளவையும் கடல்ல இருந்தே சாப்பிட்டா உப்பு? கண்ணுக்குப் பக்கத்துல உப்புச் சுரப்பி இருக்கு. அதிகப்படி உப்பைக் கண்ணீரா வெளியே தள்ளிடும். ஏழுவரி ஆமைக்கு அந்தச் சுரப்பி மூளையை விடப் பெரிசு. முட்டை போட வந்த ஆமை அழுதுன்னு சொல்றாங்களே, அது பிரசவ வேதனை இல்லை, உப்புக் கணக்கு.

பிளாஸ்டிக் பை

பாலித்தீன் பையை ஜெல்லி மீன்னு நினைச்சு ஆமை முழுங்கிடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது பாதிக் கதைதான். 2020-இல் வந்த ஒரு ஆராய்ச்சியில, பெருந்தலை ஆமைகளுக்கு வாசனையை மட்டும் காத்துல அனுப்பிப் பார்த்தாங்க. சுத்தமான புது பிளாஸ்டிக் வாசனைக்கு அது மூக்கை நீட்டலை. கடல்ல கிடந்து பாசியும் நுண்ணுயிரும் படிஞ்ச பிளாஸ்டிக்குக்கு, சாப்பாட்டு வாசனைக்கு எப்படி மூக்கை வெளியே நீட்டிச்சோ அப்படியே நீட்டிச்சு. ஆக, பை மட்டும் இல்லை, பாட்டில் மூடியோ கயிறோ எதுவா இருந்தாலும் ஆறின சோறு மாதிரி மணக்குது. 2018-இல் ஆஸ்திரேலியாவுல செத்த ஆமைகளை வச்சு ஒரு கணக்குப் போட்டாங்க. 14 துண்டு பிளாஸ்டிக் வயித்துல இருந்தா சாவுக்கு 50 சதவீத வாய்ப்பு. ஏழுவரி ஆமையோட தொண்டை முள்ளை நினைச்சுக்கங்க. உள்ளே போனதை வெளியே விடாம இருக்கத்தான் அந்த முள்ளே இருக்கு.

புல் தின்ற ஆமையும் அகத்தித் தீவும்

பேராமையைக் கடைசிக்கு வச்சதுக்குக் காரணம் இருக்கு. வளர்ந்த பிறகு கிட்டத்தட்ட சைவமா மாறிடற ஒரே கடல் ஆமை இதுதான். அலகு ஓரம் ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருக்கும், கடற்புல்லைக் கடிச்சு அறுக்க. குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வச்சு சக்தியா மாத்திக் கொடுக்கும், ஏறக்குறைய மாடு மாதிரி. இது மேயற விதத்துல ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்து, புதுசா துளிர்க்கிற இளம் புல்லைத் தின்னும். இளம் புல்லுல புரதம் அதிகம், நார் கம்மி.

இப்போ லட்சத்தீவு போவோம். அங்கே அந்தக் காலத்துல மரப்படகுக்குப் பூசற எண்ணெய்க்காக ஆமையைப் பிடிச்சாங்க. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்னுது. 2000-களில் அகத்தித் தீவோட காயல்ல பேராமை கூட்டம் கூட்டமா சேர்ந்துடுச்சு. ஆமைக்கு ஆதரவா பேசறவங்களுக்கு இதை விட நல்ல செய்தி வேணுமா?

ஆனா அகத்தி மீனவங்க வேற மாதிரி சொன்னாங்க. "ஆமை புல்லைத் தின்னுடுது. புல்லு போனா அதுல ஒதுங்கற மீன் போச்சு. மீன் போனா எங்க சாப்பாடு போச்சு." மேல இருந்து பார்க்கிறவங்களுக்கு இது மீனவங்க சாக்கு மாதிரி தெரியலாம். நேர்ல போய் வருஷக்கணக்கா அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு அப்படித் தெரியலை. ஆமை அடர்த்தியா மேஞ்ச இடத்துல புல்லோட உயரமும் அடர்த்தியும் விழுந்துடுச்சு, புல்லோட வகையே மாறிடுச்சு, மீனும் குறைஞ்சுது. அகத்தியில புல்லு தீர்ந்ததும் ஆமைகள் பக்கத்துத் தீவுகளோட காயலுக்கு நகர்ந்து, அங்கேயும் அதே கதை. 2021-இல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை, தீவுக்கூட்டம் முழுக்கக் கடற்புல் வெளிகள் வரிசையா வேலை செய்யாத நிலைக்குப் போயிடுச்சுன்னு சொல்லுது. இந்தோனேசியாவோட டெரவான் தீவுகள்ல பேராமைகள் மேல இருக்கிற புல்லு பத்தாம கிழங்கு வேரைத் தோண்டித் தின்ன ஆரம்பிச்சதையும் பதிவு பண்ணியிருக்காங்க.

ஆமை மேல தப்பான்னு கேட்டா, இல்லை. ஆமைக்குப் பயம் காட்டற பெரிய சுறா நிறைய கடல்ல குறைஞ்சு போச்சு. ஆஸ்திரேலியாவோட ஷார்க் பே மாதிரி புலிச்சுறா இருக்கிற இடத்துல ஆமை பயந்து பயந்துதான் மேயும், ஒரே இடத்தை மொட்டையடிக்காது. நாம ஒரு பக்கம் ஆமையைக் காப்பாத்தி, இன்னொரு பக்கம் சுறாவைப் பிடிச்சுட்டோம். கணக்கு எப்படி டேலி ஆகும்?

2025 அக்டோபர்ல உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அழியும் நிலைப் பட்டியல்ல இருந்து எடுத்து, கவலை குறைந்த வகைக்கு மாத்திடுச்சு. பல வருஷ உழைப்புக்குக் கிடைச்ச வெற்றி, சந்தோஷம்தான். அந்த வெற்றிக்கான செலவுல ஒரு பங்கு அகத்தி மீனவர் வீட்டுக் குழம்புச் சட்டியில இருந்து போயிருக்கு. அதை எந்த அறிக்கையிலும் செலவுப் பத்தியில யாரும் எழுதறதில்லை.

இப்போ வழக்குக்கு வருவோம்

பங்குனி ஆமை அடித்தரையில நண்டும் இறாலும் கிடைக்கிற இடத்துல மேயும்னு சொன்னேன் இல்லையா? இறால் பிடிக்கிற இழுவை வலையும் அதே தரையைத்தான் வாரிக்கிட்டுப் போகும். ரெண்டு பேரும் ஒரே பந்தியில உட்கார்றாங்க. ஆமை மீன் கிடையாது, நுரையீரல்ல மூச்சு விடற பிராணி. சும்மா ஓய்வா இருந்தா தண்ணிக்குள்ள மணிக்கணக்குல இருக்கும். வலையில மாட்டிப் போராடினா ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துடும். வலையை மேல தூக்கறதுக்குள்ள செத்துப்போகும்.

இதுக்குத் தீர்வு ரொம்பச் சாதாரணமான ஒண்ணு. வலையோட கழுத்துல சாய்வா ஒரு கம்பித் தட்டி, பக்கத்துல ஒரு வாசல். இறால் கம்பி இடுக்குல புகுந்து பின்னால போயிடும், ஆமை தட்டியில மோதி வாசல் வழியா வெளியே போயிடும். ஆமை விலக்குக் கருவின்னு பேரு. கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம படகுகளுக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு வடிவமைச்சுக் கொடுத்திருக்கு.

1989-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுது. இந்த மாதிரி ஆமையைக் காப்பாத்தற ஏற்பாடு இல்லாத நாட்டுல இருந்து, கடல்ல பிடிச்ச இறாலை வாங்க மாட்டோம்னு. 1996-இல் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் உலக வர்த்தக அமைப்புல புகார் பண்ணுச்சு. 1998 அக்டோபர்ல மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பு சொன்னுது. ஆமை 'தீர்ந்துபோகக் கூடிய இயற்கை வளம்', அதைக் காப்பாத்தச் சட்டம் போட்டது தப்பில்லை. ஆனா கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூணு வருஷ அவகாசம், எங்களுக்கு நாலு மாசம்னா அது பாரபட்சம். அமெரிக்கா சட்டத்தை எடுக்கலை, நடைமுறையை மட்டும் மாத்திக்கிச்சு. மலேசியா திரும்பவும் போனப்போ 2001-இல் தோத்துப் போச்சு. பரீட்சையில "இந்தியா ஜெயிச்சது"ன்னு எழுதினா மார்க் கிடைக்கும். நடந்தது அதை விடக் கொஞ்சம் சிக்கல். 2010-களோட கடைசியில இந்தியாவோட கடல் இறாலுக்கு அமெரிக்கா தடையே போட்டுது. நம்ம ஏற்றுமதியில பெரும்பங்கு பண்ணையில வளர்க்கிற வன்னாமி இறால்ங்கிறதால நாட்டுக்கு அந்த அடி பெரிசா வெளியே தெரியலை. கடல்ல பிடிக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சுது.

2025 ஜனவரியில சென்னையையும் சுத்து வட்டாரத்தையும் சேர்ந்த கரையில ஆயிரத்துக்கும் மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சு. இழுவை வலையில மாட்டி மூச்சுத் திணறித்தான்னு சொன்னாங்க. கருவி கண்டுபிடிச்சாச்சு, கரையோரத்துல இழுவைப் படகு வரக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு, வழக்கு முடிஞ்சே கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அப்புறம் ஏன்?

காமர்ஸ் மாணவனுக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். வாசல் வச்சா கொஞ்சம் பிடிப்பும் அந்த வழியா போகும். அந்த நஷ்டம் படகுக்காரரோட கணக்குல தெளிவா தெரியும். ஆமை பிழைச்சதால வர்ற லாபம் யாரோட கணக்குலயும் வராது. டீசல் விலைக்கும் வட்டிக்கும் நடுவுல நிக்கிற ஒருத்தர்கிட்ட "பெரிய மனசு பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னா நடக்காது. அகத்தியிலயும் இதே கதைதான். ஆமை பிழைக்கணும்னு ஆசைப்படறது ஊர் உலகம், பில் கட்டறது காயல்ல வலை போடறவர்.

இறால் தொக்கை விட்டுடுங்கன்னு சொல்ல வரலை, எனக்கும் பிடிக்கும். கருவி வச்ச படகோட இறாலுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க நாம தயாரா? அகத்தி மாதிரி தீவுக்குப் புல்லு திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஈட்டுத்தொகை கொடுக்க அரசாங்கம் தயாரா? கடற்கரையில மெழுகுவர்த்தி ஏத்தறதை விட இந்த ரெண்டு கேள்விதான் முக்கியம்னு எனக்குத் தோணுது.

காசிமேடு, நாகை, ராமேஸ்வரம் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர் படகுகள்ல அந்தக் கம்பித் தட்டியை யாராவது பொருத்தியிருக்காங்களா, இல்லைன்னா படகுக்காரங்க என்ன காரணம் சொல்றாங்கன்னு சொல்லுங்க. புத்தகத்துல கிடைக்காத பதில் அது.